சாவி விழுங்கிய காக்கை

கதை முடிந்துவிட்டது.
கடைசிப் பக்கத்தில், தடித்த எழுத்தில்,
ஒரே ஒரு வரி: பொய் சொல்லாதே.
அதை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்தேன்.

லேலோ புத்தகத்தை மூட விடவில்லை.
ஆறு வயதாக இன்னும் இரண்டு மாதம்,
முன்பல் இரண்டும் இல்லை.
"சாவிய எடுக்கலேன்னு எத்தன தரம் சொல்லிச்சு?"
மூணு தரம்.
ஒவ்வொரு தரமும் சாவி
தொண்டைக்குள் ஒரு விரற்கடை இறங்கியது.
மூன்றாவதில் குரல் போனது.
அதனால்தான் சாம்பல் காக்கைகள்
இன்றைக்கும் கரகரக்கின்றன என்கிறது புத்தகம்.

"அப்போ அந்த வீட்டுக்காரர்?"
எந்த வீட்டுக்காரர்?
"சாவிக்குச் சொந்தக்காரர்.
பனியில வெளிய நிக்கிறாரே."

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
கதவு இருக்கிறது. பூட்டு இருக்கிறது.
படியில் விழுந்த பனிகூட இருக்கிறது.
ஆளை மட்டும் ஓவியர் வரையவே இல்லை.

அவரை எங்காவது உட்காரவைத்தால்தான்
இவள் தூங்குவாள்.
பக்கத்து வீட்டுக்குள் அனுப்பினேன்,
பட்டாணி சூப் கொடுத்தேன்.
கம்பளிக் காலுறை அவள் கொடுத்தாள்,
அவளுடையதையே, ஒற்றைக் காலுக்கு.

சரி, கதையிலிருந்து என்ன தெரியுது?

கேட்டிருக்கக் கூடாது.
தன் தொண்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.
பிறகு என் தொண்டையை.
"உனக்கு எதுவரைக்கும் இறங்கியிருக்கு?"

இன்று காலை ஆறே காலுக்கு
ரொட்டித் தொழிற்சாலைக்கு ஃபோன் செய்தேன்.
உர்வே எடுத்தார்.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன்,
மறு கையால் லேலோவுக்குச் சைகை காட்டினேன்:
இருமு.
இருமினாள். கண்ணில் நீர் வர,
கட்டில் சட்டம் ஆட, இருமினாள்.
ஐயோ பாவம், நீ வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன்
என்றார் உர்வே.

காய்ச்சலெல்லாம் இல்லை.
தொடர்ந்து பதினொரு நாள் வேலை.
இரவு முழுக்க டார்ட்டுவில் பனி கொட்டியிருந்தது.
மாவு அல்லாத ஒரு வெள்ளையைப்
பார்க்கவேண்டும் போல இருந்தது,
அவ்வளவுதான்.
ஆற்றங்கரைச் சரிவில் இருட்டும்வரை சறுக்கினோம்.
கீழே வரும்போதெல்லாம்
இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

சின்னப் பொய்தானே என்று சொல்ல வாயெடுத்தேன்.
எவ்வளவு சின்னது என்று கையை விரித்துக் காட்டச் சொல்வாள்.
யாருக்கும் நஷ்டமில்லை எனலாம்.
ஆனால் உர்வே இன்று
தன் அடுப்போடு என் அடுப்பையும் பார்த்திருப்பார்,
அந்த வீங்கிய முழங்காலோடு,
எட்டு மணி நேரம் நின்றபடி.
எந்தப் பக்கத்திலும் வரையப்படாமல்.

"கொஞ்சம்தான் இறங்கியிருக்கு" என்றேன்.

"எனக்கும்" என்றாள். "நான் இருமினேன்ல."

இது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஆனா நீ சொல்லித்தான் இருமினேன்.
அப்போ என் தொண்டையில இருக்கிறது
யாரோட சாவி?"

விளக்கை அணைத்தேன்.
என்னிடம் இருந்த பதில் அதுதான்.

மறுநாள் உர்வே ஒரு ஜாடி கொண்டுவந்தார்,
தன் தோட்டத்து ராஸ்பெர்ரி ஜாம்,
மூடியில் துணி கட்டி.
இருமலுக்கு நல்லது, பிள்ளைக்குக் கொடு என்றார்.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
குரல் கரகரவென்று வந்தது.
பார்த்தாயா, உனக்கும் தொற்றிக்கொண்டது என்று
உள்ளே போய் இன்னொரு ஜாடி எடுத்துவந்தார்.

இப்போது இரண்டு ஜாடியும் சமையலறை மேசையில்.
நடந்ததை லேலோவிடம் சொல்லிவிட்டேன்.
அவள் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை.
துணியை அவிழ்த்தாள்.
ஒவ்வொரு கரண்டிக்கு முன்பும்
ஒரு தரம் ஒழுங்காக இருமிவிட்டு,
பிறகுதான் வாயில் வைக்கிறாள்.

நான் கரண்டியை எடுத்தேன்.
கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல இருமு."